சேவைக்குப் போகும் பிள்ளைகள்

"தம்பி, காத்மாண்டுக்கு ரயில் உண்டா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணாச்சி இந்தக் கேள்வியோடு வந்து நின்றார். அண்ணாச்சி முலுண்டில் எங்கள் சாலில் இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவர். திருநெல்வேலிச் சீமைக்காரர். பாண்டுப்பில் ஒரு பட்டறையில் பிட்டர் வேலை. நான் ரயில்வேயில் புக்கிங் குமாஸ்தா. ஆகவே ரயில் சம்பந்தமான எந்தச் சந்தேகத்துக்கும் எங்கள் சாலில் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். கோடை விடுமுறை வந்தால் எனக்குத் தூக்கமே போய்விடும். அது வேறு கதை.

காத்மாண்டுக்கு இங்கிருந்து நேராக ரயில் கிடையாது. குர்லா டெர்மினஸில் குஷிநகர் எக்ஸ்பிரஸ் ஏறினால் கோரக்பூர், அங்கிருந்து பஸ்ஸில் சுனௌலி எல்லை, எல்லையை நடந்தே தாண்டினால் அந்தப் பக்கம் காத்மாண்டு பஸ் நிற்கும் என்று விவரம் சொன்னேன்.

"நேபாளத்தில் உங்களுக்கு என்ன சோலி, அண்ணாச்சி?"

"எனக்கு இல்ல தம்பி. நம்ம பிள்ளைக்கு. சேவை செய்யப் போவுதாம்!"

அவர் கையில் நாலாக மடித்த ஒரு காகிதம் இருந்தது. மகள் கம்ப்யூட்டரில் எடுத்துக் கொடுத்ததாம். அந்தப் பெண்ணுக்கு வயது இருபது. பி.காம். இரண்டாவது வருஷம். நல்ல பிள்ளை. சாலில் பாதிக் குழந்தைகளுக்கு அவள்தான் டியூஷன்.

காகிதத்தைப் படித்தேன். காத்மாண்டுவில் ஒரு குழந்தைகள் இல்லம். ஆறு வாரம் அங்கே தங்கி அநாதைக் குழந்தைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்க வேண்டும், அவர்களோடு விளையாட வேண்டும். முன் அனுபவம் தேவையில்லை. அன்பான மனம் இருந்தால் போதும். கட்டணம் 35,000 ரூபாய். ரயில் செலவு தனி. முடிவில் சர்டிபிகேட் உண்டு. காகிதத்தின் மேலே எட்டுப் பத்துக் குழந்தைகள் வரிசையாக நின்று சிரிக்கும் படம்.

"கோயில்ல உழவாரப் பணிக்குப் போனாக்கூட சோறு போடுவாங்க. சேவை செய்யப் போறவளே எதுக்குத் தம்பி பணம் கட்டணும்?" என்று கேட்டார் அண்ணாச்சி.

நியாயமான கேள்விதான். ஆனால் எனக்குப் பணத்தைவிட அந்தப் படம்தான் உறுத்தியது. காரணம் உண்டு. அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் என் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நீலக் கண் அண்ணன்

என் தகப்பனார் மாதுங்கா ஒர்க்ஷாப்பில் கலாசி. வீடு தாராவியில். நான் படித்தது ஒரு மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி. நாலாம் வகுப்புப் படிக்கும்போது வெள்ளைக்கார வாலிபர் ஒருவரும் ஒரு பெண்ணும் எங்கள் பள்ளிக்கு வந்தார்கள். ஒரு மாதம் இருந்தார்கள். இருவருக்கும் இருபது வயதுக்கு மேல் இராது. அந்த வாலிபரை நாங்கள் நீலக் கண் அண்ணன் என்று அழைத்தோம். எங்களுக்கு ஓர் இங்கிலீஷ் பாட்டும் அதற்கு ஆட்டமும் சொல்லிக் கொடுத்தார். எங்கள் வாத்தியார் பின் பெஞ்சியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் ஒரு மாதம் ஓய்வு.

அண்ணனுடைய பையைத் தூக்கும் உரிமை எனக்கு. அதற்காக இரண்டு பையன்களோடு சண்டை போட்டிருக்கிறேன். கடைசி நாளன்று என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார். படத்தை அனுப்புகிறேன், கடிதமும் போடுகிறேன் என்று சொல்லி என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து விலாசம் எழுதி வாங்கிப் போனார்.

அந்த வருஷம் முழுவதும் தபால்காரரை வழிமறித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் என்னைக் கண்டாலே தூரத்திலிருந்தே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போவார். வகுப்பில் ஒரு மாதம் பின்னக் கணக்கு நடக்கவில்லை. அரையாண்டுப் பரீட்சையில் பாதிப் பேர் கோட்டை விட்டோம். எனக்குக் கணக்கோடு பிணக்கு வந்தது அப்போதுதான். பத்தாவதைத் தாண்டாததற்கு அதுதான் காரணம் என்று சொன்னால் அது அபாண்டம். ஆனாலும் சொல்கிறேன்.

அடுத்த வருஷம் வேறு இருவர் வந்தார்கள். அவர்கள் உள்ளே நுழைந்ததும் நாங்கள், யாரும் சொல்லாமலே, எழுந்து நின்று பழைய பாட்டைப் பாடி ஆடினோம். சாக்லேட் கிடைத்தது. இதை இன்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஒன்பது வயதில் நாங்கள் கற்றுக்கொண்ட வித்தை அது: வெளியூர்க்காரரைக் கண்டால் சிரிக்க வேண்டும்.

அந்த அண்ணன் கெட்டவர் இல்லை. ஊருக்குப் போனதும் மறந்துவிட்டார், அவ்வளவுதான். அவருக்கு அது ஒரு மாதம்.

காகிதத்தில் இறந்த பெற்றோர்

அண்ணாச்சியிடம் இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். பத்திரிகைக்குச் செய்தி அனுப்பும் பழக்கம் இருப்பதால் எதையும் கொஞ்சம் தேடிப் பார்க்கும் புத்தி எனக்கு உண்டு. தேடத் தேட விஷயம் வேறாக இருந்தது.

நேபாளத்தில் உள்ள குழந்தைகள் இல்லங்களில் பெரும்பாலானவை எங்கே இருக்கின்றன தெரியுமா? வறுமை மிகுந்த மேற்கு மலை மாவட்டங்களில் அல்ல. வெளிநாட்டுப் பயணிகள் வந்து இறங்கும் காத்மாண்டுப் பள்ளத்தாக்கிலும், பொகாரா, சித்வன் போன்ற சுற்றுலா இடங்களிலும்தான். அங்கிருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் அநாதைகளும் அல்ல. தாயோ தகப்பனோ, அல்லது இருவருமோ உயிரோடு இருக்கிறார்கள். நேபாளத்தில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். உலகம் முழுவதும் இத்தகைய இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் ஐந்தில் நாலு பேருக்காவது பெற்றோரில் ஒருவர் உயிரோடு இருப்பதாக 'சேவ் தி சில்ட்ரன்' என்ற அமைப்பு 2009இல் கூறியது.

பிறகு குழந்தைகள் எப்படி அங்கே வந்தார்கள்? 1996 முதல் 2006 வரை நேபாளத்தில் உள்நாட்டுப் போர் நடந்தது. மாவோயிஸ்டுகள் பிள்ளைகளைப் படையில் சேர்த்துவிடுவார்கள் என்று மலைக் கிராமங்களில் பயம். அந்தச் சமயம் பார்த்துத் தரகர்கள் போனார்கள். "உன் பையனைக் காத்மாண்டுவில் போர்டிங் ஸ்கூலில் சேர்க்கிறேன், படித்துப் பெரிய ஆளாக வருவான்" என்று சொல்லி, பெற்றோரிடமே பணம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளை அழைத்து வந்தார்கள். நகரத்தில் அந்தப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் இறந்ததாகக் காகிதம் தயாரானது. வெளிநாட்டிலிருந்து சேவைக்கு வருகிறவர்கள் கட்டும் பணமும், ஊர் திரும்பியபின் அனுப்பும் நன்கொடையும் இல்லம் நடத்துகிறவருக்கு வருமானம். குழந்தை கொழுத்துவிட்டால் நன்கொடை குறையும். எனவே சில இடங்களில் வேண்டுமென்றே பட்டினி போட்டதும் நடந்திருக்கிறது.

இதை வெளியுலகுக்குச் சொன்னவர்களில் ஒருவரே அப்படிச் சேவைக்குப் போனவர்தான். கானர் கிரெனன் என்ற அமெரிக்க வாலிபர். 2004இல் உலகம் சுற்றப் புறப்பட்டவர், காத்மாண்டுக்கு அருகே கோதாவரியில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் மூன்று மாதம் சேவை என்று முதலில் வைத்துக்கொண்டார். ஒரு வருஷம் ஊர் சுற்றப் போகிறேன் என்றால் நாலு பேர் கேலி பேசுவார்கள். அநாதைக் குழந்தைகளுக்குச் சேவை என்றால் வாயை மூடிக்கொள்வார்கள் என்பதுதான் காரணம். இதை அவர் பிற்பாடு தம் புத்தகத்தில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அங்கே பழகிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் ஒரு பெண் இல்லத்துக்கு வந்தாள். அங்கிருந்த இரண்டு சிறுவர்களின் தாய்! அநாதை என்று நினைத்திருந்த பிள்ளைகளுக்குத் தாய் உயிரோடு வந்து நின்றாள்.

கிரெனன் அத்தோடு ஊருக்குப் போய் மறந்துவிடவில்லை. 2006இல் ஓர் அமைப்பைத் தொடங்கி, குழந்தைகளின் போட்டோக்களை எடுத்துக்கொண்டு, சாலை வசதியில்லாத ஹும்லா மாவட்டத்தில் மலைமலையாக நடந்து ஒவ்வொரு வீடாகப் பெற்றோரைத் தேடிப் பிடித்தார். அவர் செய்த உருப்படியான சேவை இதுதான் என்பேன். கோதாவரியில் குழந்தைகளோடு விளையாடியது அல்ல.

2015 ஏப்ரல் 25ஆம் தேதி நேபாளத்தைப் பூகம்பம் தாக்கியது. ஏறக்குறைய 9,000 பேர் மாண்டார்கள். உடனே உலகெங்குமிருந்து இளைஞர்கள் உதவிக்கு ஓடிவரத் தயாரானார்கள். நேபாள சர்க்கார் செய்த காரியங்களில் ஒன்று என்ன? உரிய அனுமதியின்றிக் குழந்தைகளை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோகத் தடை விதித்தது. வெளிநாட்டுக்குத் தத்துக் கொடுப்பதை நிறுத்தி வைத்தது. பட்டு அறிந்த நாடு.

ஆஸ்திரேலியா 2018இல் நவீன அடிமை முறைக்கு எதிராகச் சட்டம் கொண்டு வந்தபோது, இல்லங்களை நிரப்புவதற்காகக் குழந்தைகளைக் கொண்டு வருவதையும் ஓர் அடிமை வியாபாரமாக ஏற்றுக்கொண்டது. 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையும் குழந்தைகள் உரிமை பற்றிய தீர்மானத்தில், அநாதை இல்லங்களுக்குச் சேவைக்குப் போவதால் வரும் கேட்டைக் குறிப்பிட்டது. நேபாளத்துக்குச் சுற்றுலா விசாவில் வருகிற வெளிநாட்டார், சம்பளம் இல்லாமல்கூட அங்கே வேலை செய்யக் கூடாது. இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்பதால் நம் பிள்ளைகள் இந்த விதி கண்ணில் படாமலே எல்லை தாண்டிவிடுகிறார்கள்.

பகதூர் சொன்னது

எங்கள் சாலுக்கு எதிரே ஒரு பெரிய ஹவுசிங் சொசைட்டி. அதன் வாசலில் ஒரு நேபாளி வாச்மேன். எல்லோரும் அவரைப் பகதூர் என்றுதான் கூப்பிடுவோம். அது அவர் பெயர் இல்லை. அந்தக் காலத்தில் பம்பாயில் தெற்கத்திக்காரர் எவரானாலும் மதராஸி என்று கூப்பிட்டார்களே, அந்த மாதிரி. பன்னிரண்டு வருஷமாக அவரைப் பார்க்கிறேன். ஊர் எது என்று அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். மேற்கு நேபாளத்தில் அச்சாம் மாவட்டமாம்.

காகிதத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். படத்தை வெகுநேரம் பார்த்தார்.

அவருடைய கடைசித் தம்பியை ஏழு வயதில் ஒரு ஆள் காத்மாண்டுக்கு அழைத்துப் போனானாம். கட்டணத்துக்காக வீட்டு எருமையை விற்றார்கள். மூன்று வருஷம் தகவலே இல்லை. ஊர்க்காரர் ஒருவர் தற்செயலாகக் கண்டுபிடித்துச் சொன்ன பிறகு பகதூரின் தகப்பனார் காத்மாண்டுக்குப் போனார். இல்லத்துக்காரர் பையனைக் காட்ட மறுத்துவிட்டார். பதிவேட்டில் தாய் தகப்பன் இருவரும் இறந்துவிட்டதாக எழுதியிருந்தது. "என் அப்பா அவர்கள் முன்னால் நின்றுகொண்டிருந்தார். காகிதத்தில் செத்துப் போயிருந்தார்" என்றார் பகதூர், ஹிந்தியில். பையனை மீட்க இன்னும் ஒரு வருஷம் ஆனது. அப்போது அவனுக்கு வீட்டுப் பேச்சு பாதி மறந்திருந்தது. இங்கிலீஷ் பாட்டு மட்டும் நிறையத் தெரிந்திருந்தது.

அந்தக் கடைசி வார்த்தைக்குப் பிறகு எனக்கு டீ இறங்கவில்லை.

விக்ரோலியில் ஒரு பாட்டி

அப்படியானால் அந்நிய நாட்டுக்குப் போய்ச் சேவை செய்வதே தப்பா? அப்படிச் சொல்ல நான் யார்? நமக்கு நாலு ஸ்டேஷன் தள்ளி, விக்ரோலியிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

1966இல் அமெரிக்காவிலிருந்து ஒரு நர்ஸம்மா 'பீஸ் கோர்' என்னும் அமைதிப்படையில் சேர்ந்து பம்பாய் வந்தார். வயது 68! விக்ரோலியில் கோத்ரெஜ் தொழிலாளர் குடியிருப்பில் அவருக்கு வேலை. முதலில் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரத்தில் போட்டார்கள். அது அவருக்குப் பிடிக்கவில்லை. தமக்குத் தெரிந்தது நோயாளியைப் பார்க்கும் வேலை. அதையே கேட்டு மருந்தகத்துக்கு மாறிக்கொண்டார். தொழுநோயாளிகளைத் தொட்டுச் சிகிச்சை செய்தார். ஏறக்குறைய இரண்டு வருஷம் இருந்துவிட்டு 1968இல் திரும்பினார். அவர் பெயர் லில்லியன் கார்ட்டர். அவருடைய மகன் ஜிம்மி கார்ட்டர் 1977இல் அமெரிக்க ஜனாதிபதி ஆனார். விக்ரோலியில் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு இதெல்லாம் அப்போது தெரிய நியாயமில்லை.

என்ன விசேஷம் என்றால், அவருக்குக் கையில் தொழில் இருந்தது. தெரியாத வேலையை விட்டுத் தெரிந்த வேலைக்குப் போனார். நிலைத்து இருந்தார். இளைஞர்களுக்குப் பாட்டியிடம் கற்றுக்கொள்ள இருக்கிறது.

இதே அமைதிப்படையில் ஐந்து வருஷம் முன்னால் நடந்த ஒரு சம்பவம் வேறு விதமானது. ஜனாதிபதி கென்னடி 1961 மார்ச் 1ஆம் தேதி அந்தப் படையை ஏற்படுத்தினார். ஆகஸ்டு கடைசியில் கானா நாட்டில் போய் இறங்கிய முதல் கோஷ்டி, விமான நிலையத்திலேயே அந்த நாட்டு மொழியான ட்வியில் பாட்டுப் பாடியதாம். ஜனங்கள் சொக்கிப் போனார்கள். அடுத்து நைஜீரியா. அந்த நாடு சுதந்திரம் அடைந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. இபாதான் பல்கலைக்கழகத்தில் பயிற்சிக்கு வந்திருந்த 23 வயதுப் பெண் ஒருத்தி, ஊரில் உள்ள நண்பருக்கு ஒரு தபால் கார்டு எழுதினாள். எங்களைத் தவிர இங்கே எல்லாரும் தெருவில்தான் வாழ்கிறார்கள், சமைப்பது தெருவில், விற்பது தெருவில், காலைக்கடன்கூடத் தெருவில் என்கிற மாதிரி எழுதியிருந்தாள். முதல் அதிர்ச்சி போன பிறகு இது நல்ல அனுபவம் என்றும் அதே கார்டில் எழுதியிருந்தாள். அதை யார் கவனித்தார்கள்?

தபாலில் சேருமுன்பே அந்தக் கார்டு எங்கோ விழுந்துவிட்டது. நைஜீரிய மாணவர் கையில் சிக்கியது. நகல் எடுத்து விடுதி விடுதியாக விநியோகித்துவிட்டார்கள். கண்டனக் கூட்டம், தீர்மானம், அமெரிக்கர்களை வெளியேற்று என்ற கோஷம்! அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதிவிட்டு நாடு திரும்பினாள். கென்னடியே ஆறுதலாக ஒரு குறிப்பு அனுப்பினார். மற்ற இளைஞர்கள் பொறுமையாக அங்கேயே இருந்து, மெதுவாக அந்த மாணவர்களோடு பழகி, வேலையைத் தொடர்ந்தார்கள்.

அவள் பொய் எழுதவில்லை என்று வாதாடலாம். நம் வீட்டுக்கு வந்த விருந்தாளி, அடுப்பங்கரை அழுக்கைப் பற்றி அடுத்த தெருவில் போய்ச் சொன்னால் அதுவும் பொய் இல்லைதான். அன்று ஒரு தபால் கார்டு. இன்று ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப் பையிலும் செல்போன். அந்நியர் வீட்டுக் குழந்தையைத் தூக்கி வைத்துப் படம் எடுத்து, அன்றிரவே ஆயிரம் பேருக்குக் காட்டிவிட முடியும். அந்தக் குழந்தையின் தாயை ஒரு வார்த்தை கேட்டோமா? தாராவியில் நம் வீட்டுக் குழாயடியைக் கூட்டம் கூட்டமாக வந்து படம் பிடித்துப் போகிறார்களே, அதை அனுபவித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தெரியாத வேலையில் கை வைப்பது இதைவிட மோசம். உகாண்டாவில் ஜிஞ்ஜா நகருக்கு அருகே, இருபது வயதை ஒட்டிய ஓர் அமெரிக்கப் பெண் நல்லெண்ணத்தோடுதான் சத்துக் குறைந்த குழந்தைகளுக்கு ஓர் இல்லம் தொடங்கினாள். அவளுக்கு வைத்தியப் படிப்புக் கிடையாது. 2010க்கும் 2015க்கும் இடையில் அங்கே நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. வரும்போதே உயிர் ஊசலாடிய குழந்தைகள் என்று அவள் தரப்பில் சொன்னார்கள். படிக்காமலே வைத்தியம் பார்த்தாள் என்று தாய்மார்கள் 2019இல் வழக்குப் போட்டார்கள். 2020இல் பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலேயே சமரசம் ஆயிற்று. நம் ஊரில் காலேஜ் பையன் ஒருவன் நம் பிள்ளைக்கு ஊசி போட வந்தால் விடுவோமா? ஆப்பிரிக்காவில் மட்டும் எப்படிச் சரியாகும்?

சுவர் கட்டுவதும் அப்படித்தான். பள்ளிக்கூடம் கட்டித் தருகிறோம் என்று கரண்டி பிடித்தறியாத பிள்ளைகள் பணம் கட்டிப் போகிறார்கள். அந்த ஊரில் கொத்தனார் இல்லையா? இருக்கிறான், வேலையில்லாமல் மரத்தடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறான். அந்தப் பணத்தில் அவனுக்கு எத்தனை நாள் கூலி என்று நம்மவர்கள் விரல் விட்டே கணக்குப் போட்டுவிடுவார்கள்.

இங்கிலாந்தில் 1958இல் ஆரம்பித்த வி.எஸ்.ஓ. என்ற அமைப்பு முதலில் பள்ளிப் படிப்பை முடித்த 18 வயதுப் பிள்ளைகளைத்தான் அனுப்பியது. காலப்போக்கில், படித்துத் தொழில் அனுபவம் பெற்றவர்களை அனுப்பும்படி மாற்றிக்கொண்டது. போய்ச் சேர்ந்த நாடுகளுக்கு வேண்டியது ஆசிரியரும், நர்ஸும், மெக்கானிக்கும்தான்.

ஆறு கேள்விகள்

இத்தனையையும் அண்ணாச்சி வீட்டில் உட்கார்ந்து சொன்னேன். அந்தப் பெண்ணின் முகம் சுண்டிவிட்டது. எனக்கும் கஷ்டமாக இருந்தது. இருபது வயதில் பிறருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றுவது லேசான விஷயமா? அந்த வயதில் நான் எந்த சினிமா எந்தத் தியேட்டரில் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் கெடுதல் செய்யப் போகலையே, சித்தப்பா!" என்றாள்.

"எனக்குத் தெரியும், தாயீ. அவங்ககிட்டயே கேட்டுப் பாரு. நல்ல இடமா இருந்தா பதில் சொல்வாங்க."

அன்றிரவே இருவரும் உட்கார்ந்து கேள்விகளை எழுதினோம். இல்லத்தில் இருக்கும் குழந்தைகளில் எத்தனை பேருக்குப் பெற்றோர் உண்டு, அவர்களைக் குடும்பத்தோடு சேர்த்து வைக்க என்ன முயற்சி நடக்கிறது என்று முதல் கேள்வி. இது என் யோசனை. நான் கட்டும் 35,000 எதெதற்குப் போகிறது என்று அண்ணாச்சி சொல்லச் சொல்ல ஒன்று. எனக்கு முன்னால் வந்தவர் எந்தப் பாடத்தில் விட்டார், எனக்குப் பின்னால் வருகிறவர் எங்கே தொடங்குவார் என்பது அவள் தானாகவே எழுதியது. டியூஷன் எடுக்கிறவள் அல்லவா! அந்த வேலைக்கு உள்ளூரில் டீச்சர் ஏன் இல்லை? குழந்தைகளோடு பழக விடுமுன் என்னைப் பற்றி நீங்கள் போலீஸில் விசாரிப்பீர்களா? இந்தக் கேள்வியைக் கேட்டதும் அண்ணாச்சிக்குக் கோபம் வந்தது. "எம் பிள்ளையப் போலீஸ் விசாரிக்கணுமா?" என்றார். "உங்க பிள்ளைன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும், அண்ணாச்சி? யார் வேணும்னாலும் பணம் கட்டி உள்ள போகலாம்னா அங்க இருக்கிற குழந்தைங்களுக்கு என்ன காவல்?" என்றேன். சற்று யோசித்துவிட்டு, "எழுதும்மா" என்றார். கடைசியாக, போட்டோ எடுக்க என்ன விதி என்று ஒன்று.

ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. ஆறு கேள்விக்கும் விடை இல்லை. குழந்தைகள் அவளை ஆவலோடு எதிர்பார்ப்பதாகவும், மீதிப் பணத்தைக் கட்டக் கடைசித் தேதி நெருங்குவதாகவும் எழுதியிருந்தார்கள். கூடவே ஒரு படம். முன்பு வந்த அதே படம்.

அவள் போகவில்லை. முன்பணமாகக் கட்டிய 5,000 ரூபாய், டியூஷனில் சேர்த்தது, திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். குஷிநகர் டிக்கெட்டையும் ரத்து செய்ய வேண்டியதாயிற்று. எங்கள் இலாகாவும் பிடித்தம் போகத்தான் கொடுத்தது. குமாஸ்தா வீட்டுப் பரிந்துரையெல்லாம் அங்கே செல்லாது.

இரண்டு வாரம் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு ஒரு நாள் தானாக வந்தாள். வேறொரு அமைப்புக்கு எழுதிப் போட்டிருக்கிறாளாம். மலைக் கிராமங்களில் பெண்களின் சேமிப்புக் குழுக்களுக்குக் கணக்கு எழுதக் கற்றுக் கொடுக்க ஆள் தேவைப்படுகிறதாம். ஆனால் குறைந்தது ஆறு மாதம் இருக்க வேண்டும், பட்டப் படிப்பு முடித்திருக்க வேண்டும், நேபாளி பேசத் தெரிய வேண்டும் என்று நிபந்தனை. அதுவும் அவளாக எந்தக் குழுவுக்கும் நேரே சொல்லிக் கொடுக்கக் கூடாது. அந்த ஊர்ப் பெண்கள் இருவருக்குக் கற்றுக் கொடுத்துவிட்டு வர வேண்டுமாம். அண்ணாச்சிக்கு ஆறு மாதம் என்பதில் இன்னும் சம்மதம் இல்லை. படிப்பு முடிய ஒரு வருஷம் இருக்கிறது, அதற்குள் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்.

இப்போது மாலை ஏழு மணிக்கு எதிர் சொசைட்டி வாசலில் அவளைப் பார்க்கலாம். கையில் நோட்டு. பகதூர் ஸ்டூலில் உட்கார்ந்து பாடம் நடத்துகிறார். கார் வந்தால் எழுந்து கேட்டைத் திறந்துவிட்டு மறுபடியும் உட்காருகிறார். சம்பளம் வேண்டாம் என்றுவிட்டார். அண்ணாச்சி வீட்டு இட்லி போகிறது. நேபாளியிலும் நம் பாஷை மாதிரியே நீ, நீங்கள் எல்லாம் உண்டாம். தங், திமி, தபாயீ என்று மூன்று படி. முதல் பாடமே அதுதான். குழந்தையானாலும் முன்பின் தெரியாத ஊரில் எடுத்த எடுப்பில் தங் போடக் கூடாது என்று பகதூர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். இரண்டாவது பாடம், வீடு எங்கே என்று கேட்பது. போன வாரம் அதை என்னிடம் சொல்லிக் காட்டினாள். உச்சரிப்பு சரியில்லை என்று பகதூர் மூன்று தரம் திருத்தினார்.